வீட்டில் எத்தனை அடுப்பு

வரைபடத்தில் எங்கள் வீடு புள்ளிக்கோட்டில் இருந்தது. இடிக்கப்போகும் கட்டடங்களை அப்படித்தான் காட்டுவோம். அதன் மேல் கெட்டியான கோட்டில் ஐந்து மாடி மாணவியர் விடுதி. இரண்டு கோடுகளையும் போட்டது நான்தான்.

வில்லியனூரிலிருந்து பாகூர் போகிற வழியில், கரும்புக் கொல்லைகளைத் தாண்டி ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பின்புறச் சுவரை ஒட்டி ஊழியர்களுக்கான பதினான்கு வீடுகள் ஒரே வரிசையில் இருந்தன. லைன் வீடு என்போம். அப்பா மாணவர் விடுதியின் மெஸ்ஸில் சமையல் செய்கிறார். அம்மா வகுப்பறைகளைப் பெருக்குகிறாள். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அம்மாவுக்கு அதுவும் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவள் நான்தான். பாலிடெக்னிக்கில் சிவில் படித்து, அங்கிருந்து நேராக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேர்ந்து முடித்தேன். இதைச் சொல்லும்போது இப்போதும் என் முதுகு தானாக நிமிரும்.

லைன் வீட்டுக்கு ஒரு விதி உண்டு. ஊழியர், அவர் துணை, பிள்ளைகள் மட்டுமே இருக்கலாம். வீட்டுக்கு ஒரு அடுப்புதான். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் போக்கிடம் இல்லாத ஒருவராவது இருந்தார்கள். அவர்களுக்குப் பின்பக்கம் ஓலையோ தகரமோ போட்டு ஒரு சாய்ப்பு இறக்கியிருப்போம். எங்கள் வீட்டுச் சாய்ப்பில் சித்தி இருந்தாள்.

அம்மாவும் சித்தியும் கடலோரப் பனித்திட்டில் பிறந்தவர்கள். சுனாமி வந்த வருஷம் நான் ஒன்றாம் வகுப்பு. சித்தப்பாவும் போய், வீடும் போய், சித்தி ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் வந்தாள். பல நாள் எழுந்திருக்காமல் படுத்தே கிடந்தாள். வீடு இழந்தவர்கள் பெயரை ஊரில் எழுதியபோது அவள் எங்கள் வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பிறகு போய்க் கேட்டபோது, எழுதி முடித்தாகிவிட்டது என்றார்கள்.

ஆபீஸ் ஆட்கள் சோதனைக்கு வருவதை யார் முதலில் பார்க்கிறார்களோ, அவர்கள் மோட்டார் ரூம் பைப்பைக் கல்லால் மூன்று தட்டு தட்டவேண்டும். அது லைன் முழுக்கக் கேட்கும். உடனே அவரவர் வேலையில் இறங்குவோம். ஒருவர் பாயைச் சுருட்டுவார், ஒருவர் கொடியில் தொங்கும் துணியை உருவுவார். சித்தி தகரப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் இருந்த சவுக்குத் தோப்புக்குள் போய்விடுவாள். அவளுடைய இரும்புக் குமுட்டி அடுப்பைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவது என் வேலை. கைப்பிடி சுடும், பாவாடையைச் சுற்றிப் பிடித்துக்கொள்வேன். தோப்பில் உட்கார்ந்ததும் சித்தி, "ஆபீசருக்கு என்னப் பாத்தா வெக்கம்டி, அதான் நானே வந்துடறேன்" என்பாள். அந்த வயதில் அது எனக்கு விளையாட்டுதான்.

அந்தக் குமுட்டியில் சித்தி மீன்குழம்பு வைத்தால் விடுதிப் பையன்கள் சுவரின் உடைந்த பகுதி வழியாக வருவார்கள். தட்டை அவர்களே கொண்டுவரவேண்டும். அப்பா பொய்க்கோபத்தோடு, "என் சாம்பாரத் தின்ன வாய் இல்லாதவன்லாம் இங்க எப்டி திங்கறான் பாரு" என்பார். நான் படித்ததும் அந்தச் சாய்ப்பில்தான். சித்தி விளக்கை என் பக்கம் நகர்த்திவிட்டு, இருட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மீன் ஆய்வாள். கல்லூரிக்கு முதல்முதலாக நான் எடுத்துப்போன வரைபலகை அவள் வாங்கித் தந்தது.

படித்து முடித்ததும் புதுச்சேரியில் கட்டடத் திட்டங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எங்கே இருக்கிறாய் என்று கேட்டவர்களிடம் வில்லியனூர் பக்கம் என்றேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. லைன் வீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அந்தப் பல்கலைக்கழகத்தின் புதிய விடுதித் திட்டம் எங்கள் அலுவலகத்துக்கே வந்தது. எனக்கு வருத்தம் வந்திருக்கவேண்டும். ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை மறைக்கமாட்டேன். பழைய விடுதியில் ஓர் அறைக்கு எட்டுப் பேர் அடைந்து கிடப்பதைச் சிறுவயதிலிருந்து பார்த்தவள் நான். பெண்கள் விடுதியில் துணி உலர்த்த இடமில்லாமல் மாடிப்படிக் கைப்பிடியில் போட்டிருப்பார்கள். அதனால் ஒவ்வொரு மாடியிலும் துணி உலர்த்த ஒரு மறைவான இடம் வைத்து வரைந்தேன். எங்கள் தலைமைப் பொறியாளர் பார்த்துவிட்டு, இதுவரை யாருக்கும் இது தோன்றவில்லையே என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அந்தத் தாளை ஒரு நாள் முழுக்க மேசையிலேயே விரித்து வைத்திருந்தேன்.

லைன் வீடுகளை இடித்துத்தான் விடுதி. ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் யாரும் தெருவுக்கு வரக்கூடாது என்று நிர்வாகம் நல்லபடியாகத்தான் முடிவு செய்திருந்தது. வடக்கு வாசல் பக்கம் மாற்று வீடுகள். ஊழியரா இல்லையா என்று பார்க்கப்போவதில்லை. தனி அடுப்பு இருந்தால் தனிக் குடும்பம், தனிக் குடும்பத்துக்கு ஓர் அறையும் சமையலிடமும் கொண்ட தனி வீடு. இதைக் கோப்பில் படித்தபோது எனக்குச் சித்தியின் குமுட்டிதான் கண்ணில் வந்தது. அவளுக்கென்று பூட்டுச் சாவியோடு ஒரு வீடு.

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் பொறுப்பைத் தலைமைப் பொறியாளர் என்னிடமே கொடுத்தார். அந்தப் பக்கத்து மக்களிடம் எனக்குப் பேசத் தெரியும் என்றார். கூடவே ஒன்றையும் சொன்னார்.

"மாத்து வீடு பத்தி மட்டும் வெளிய சொல்லிடாதீங்க. சொன்னா நாளைக்கே வீட்டுக்கு மூணு அடுப்பு முளைக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நம்பி ஒரு ரகசியத்தைச் சொன்னார்களே என்ற பெருமை எனக்கு.

கணக்கெடுப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் சித்தி கையால் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். நாளைக்கு எங்கள் சாரோடு இங்கே சர்வேக்கு வருவோம் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் முகத்தையே பார்த்துவிட்டு, எத்தனை மணிக்கு என்று கேட்டாள். பத்து மணி என்றேன். அவள் எப்படிப் புரிந்துகொண்டாள் என்று யோசிக்கவில்லை. இருப்பதை இருப்பதாகச் சொல்வார்கள், நான் இருப்பதாக எழுதுவேன், என் வாயால் ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சரியாக நடந்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு எங்கள் வண்டி பின்வாசலில் திரும்பியது. பைப்பில் மூன்று தட்டு கேட்டது.

முதல் வீட்டில் இரண்டு பேர், ஒரு அடுப்பு என்றார்கள். அங்கே ஐந்து பேர் இருப்பது எனக்குத் தெரியும். அடுத்த வீட்டில் மூன்று பேர், ஒரு அடுப்பு. சிறுவயதில் என்னை மூக்கொழுகி என்று கூப்பிட்டவர்கள் எல்லாம் என்னை முன்பின் பார்க்காதவர்கள்போல நின்றார்கள். அவர்கள் எனக்காகத்தான் அப்படி நடித்தார்கள். லைன் வீட்டுப் பெண் என்று தெரிந்தால் என் வேலைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அம்மா வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தாள்.

ஏழாவது வீடு எங்களுடையது. அம்மா வாசலில் நின்றாள். நான் படிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"வீட்ல எத்தனை பேரு?"

"நானும் எங்க வூட்டுக்காரரும், ஒரு பொண்ணு."

"எத்தனை அடுப்பு?"

"ஒன்னுதான், மேடம்."

அம்மா என்னை அப்படிக் கூப்பிட்டது அன்று மட்டும்தான். பேனா தாளின் மேல் நின்றது. தலைமைப் பொறியாளர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பின்னால் ஒரு சாய்ப்பு இருக்கிறதே என்றார். வெறவு போட்டு வச்சிருக்கோம் சார் என்றாள் அம்மா. உள்ளே எட்டிப் பார்த்தேன். பாய் இல்லை, பெட்டி இல்லை. தரையில் குமுட்டியின் வட்டத் தடம் மட்டும் இருந்தது.

ஒரே ஒரு வாக்கியம் போதும். இது என் வீடு சார், இங்கே என் சித்தி இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஓட்டை வீட்டிலிருந்தா வருகிறாய் என்று அவர் திரும்பிப் பார்ப்பாரே, அந்த ஒரு பார்வையை நினைத்தேன். அடுப்பு ஒன்று என்று எழுதினேன். பின்பக்கம் விறகுக் கொட்டகை என்று எழுதினேன். அம்மா கைநாட்டு வைத்தாள், அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

அப்புறம் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு வாரம் அந்த நினைப்பிலேயே போனது.

மோட்டார் ரூம் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். பதினான்கு குடும்பங்கள், பதினான்கு வீடுகள். தனி அடுப்புக்குத் தனி வீடு என்ற விதியும் அதன் கீழே அச்சாகியிருந்தது. அதை நான்தான் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"இதுக்குத்தான் கேக்கறன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடி. நீ பேப்பரோட வந்த, பைப்பு தட்டுச்சு. வேற நா இன்னா சொல்லுவேன்?"

மறுநாள் காலையில் தலைமைப் பொறியாளர் எதிரில் போய் நின்றேன். ஏழாவது வீடு என்னுடையது என்றேன். அம்மா என்னை மேடம் என்றது, அந்த விறகுக் கொட்டகை எல்லாவற்றையும் சொன்னேன். லைன் முழுக்க மறைத்துத்தான் சொன்னார்கள், மறுபடி கணக்கெடுக்கவேண்டும் என்றேன். அவர் கோபப்படவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"முன்னாடியே சொல்லியிருந்தா உங்கள அனுப்பியிருக்க மாட்டேன், வேற ஆள் போயிருப்பாங்க. இப்ப மாத்தணும்னு சொல்றது யாரு? அந்த வீட்டுப் பொண்ணு. ஃபார்ம்ல கையெழுத்து யாரோடது? அதே பொண்ணோடது. இத எடுத்துட்டு நான் எங்கம்மா போவேன்?"

இருந்தாலும் அவர் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பட்டியல் ஒட்டிய பிறகு வருகிற கோரிக்கைகளை ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது. மாற்று வீடுகளின் வரைபடம் அதற்குள் முடிந்துவிட்டது. பதினான்கு வீடுகளையும் வரைந்தவள் நான். பதினைந்தாவது ஒன்றுக்கு அங்கே இடம் இருந்தது என்பதும் எனக்குத் தெரியும். அந்த இடத்தில் இரண்டு வேப்பமரம் என்று குறித்திருந்தேன்.

சித்தியிடம் சொல்லத்தான் எனக்குப் பல நாள் ஆனது. அவள் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை. பிறகு கையைக் கழுவிக்கொண்டு என் பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

"பேரு எழுத வரப்பல்லாம் நா வூட்ல இருக்க மாட்டேன், என் ராசி அப்டி" என்று சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. "நீ அழாத. எழுதனது நீயாச்சே, வேற எவளோ இல்லயே" என்றாள்.

அவள் அதை ஆறுதலாகத்தான் சொன்னாள். எனக்கு அது இன்றுவரை ஆறுதலாகக் கேட்கவில்லை.

புது வீட்டில் ஓர் அறைதான். அதில் அப்பா, அம்மா, நான். சித்தியும் எங்களோடு இருக்கட்டும் என்று அம்மா கெஞ்சினாள். அங்கே சாய்ப்பு இறக்கப் பின்பக்கம் இல்லை, ஓடி மறையத் தோப்பும் இல்லை, மாட்டினால் இருக்கிற வீடும் போகும் என்று சித்திதான் மறுத்தாள். பிள்ளையார்குப்பம் பக்கம் வெளியூர் மாணவிகளைத் தங்கவைக்கும் ஒரு தனியார் வீட்டில் அவளுக்குச் சமையல் வேலை கிடைத்தது. தகரப் பெட்டியும் குமுட்டியும் மட்டும் எடுத்துக்கொண்டாள். லைன் வீடுகளை ஒரே நாள் காலையில் இடித்து முடித்தார்கள். மேற்பார்வைக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள், நான் போகவில்லை. சவுக்குத் தோப்பையும் வெட்டியாயிற்று. அங்கே இப்போது விடுதியின் வாகன நிறுத்தம்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, அரைநாள் வேலை முடிந்து அப்படியே சித்தியைப் பார்க்கப் போனேன். அடுக்களைக்குப் பின்னால், அரிசி மூட்டைகள் வைக்கிற அறையில் அவளுக்குப் படுக்கை. மூட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு பாய் விரிக்கிற இடம். பின்முற்றத்தில் குமுட்டியைப் பற்றவைத்து எனக்கென்று தனியாக வஞ்சிரம் வறுத்தாள். மாணவிகள் அவளைச் சித்தி என்றுதான் கூப்பிட்டார்கள். அவர்கள் அறைகளை அவள் எனக்குச் சுற்றிக் காட்டினாள். துணி உலர்த்த ஒழுங்கான இடமே இல்லை, இவ கட்டன ஹாஸ்டல்ல வச்சிருக்காளே அதுமாதிரி இல்ல என்று ஒரு மாணவியிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள்.

நான் சாப்பிட உட்கார்ந்தபோது முன்வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. ஒரு மாணவி ஓடிவந்து, விடுதி உரிமம் பார்க்கிறவர்கள் வந்திருக்கிறார்கள், மூட்டை அறையில் யாரும் தங்கியிருக்கக்கூடாதாம் என்றாள்.

சித்தி பாயைச் சுருட்டி மூட்டைகளுக்குப் பின்னால் செருகினாள். பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். அவளுக்கு இப்போது கொஞ்சம் மூச்சு வாங்குகிறது.

நான் இலையை மூடிவிட்டு எழுந்தேன். கழுத்து அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டேன். துப்பட்டாவைக் கையில் சுற்றிக்கொண்டு, கனிந்துகொண்டிருந்த குமுட்டியைத் தூக்கி அவள் பின்னால் நடந்தேன்.