இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று சொன்னேன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகள் தொலைக்காட்சியில் ஒரு படம் போட்டாள். விடுமுறைக்குத் தென்னை மரங்கள் நிறைந்த தீவு ஒன்றுக்குப் போகிற பெண் கடைசிப் படகைத் தவறவிட்டு, அங்கே விடுதி நடத்துகிறவனைக் காதலிக்கிறாள். யாருக்கும் கெட்டது நடக்காது என்று முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். அந்தப் பெண் படகின் முனையில் கையை விரித்து நின்றபோது, அடுப்பைப் பார்க்கிற சாக்கில் நான் எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

மூன்று வாரத்துக்கு முன்னால் என் மகளும் அப்படி ஒரு படகில்தான் போனாள்.

இங்கே மலேசியாவில் எங்கள் பக்கத்தில் முதலில் பதிவுத் திருமணம், பல மாதம் கழித்துத்தான் கோயிலில் தாலி. சட்டப்படி கணவன் மனைவி. ஆனாலும் தாலி ஏறும்வரை பெண் பெற்றோர் வீட்டில்தான் இருப்பாள். மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமைகளில் செமினியிலிருந்து கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வருவார், டீ குடிப்பார், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவார். பதிவுச் சான்றிதழை நகைகளோடு அலமாரியில் பூட்டி வைத்திருந்தேன். இருவரும் தீவுக்குப் போகலாமா என்று கேட்டபோது, "தாலி ஏறட்டும், அப்புறம் எங்க வேணாலும் போங்க" என்றேன். அவள் ஆபீஸ் டிரிப் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன் வந்தபோது பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீதியில் கல்யாண அட்டைகள் பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்குக் கரையில் ஓர் ஆஸ்பத்திரி. அலை படகைத் தூக்கிப் போட்டதில் மகளுக்குத் தோள்பட்டை முறிந்திருந்தது, தலையிலும் அடி. பேசிய நர்ஸ் மலாய் மொழியில் நிதானமாகச் சொன்னாள்: பயப்படாதீர்கள், கணவர் கூடவே இருக்கிறார்.

"என் மகளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. மாதக்கணக்காகச் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பழகிய பதில், வாயில் வந்துவிட்டது.

ஏழு மணி நேரம் என் கணவர் கார் ஓட்டினார். வார்டுக்கு வெளியே பெஞ்சில் மாப்பிள்ளை, உப்புத் தண்ணீர் காய்ந்த அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவர் போன் கடலில் போய்விட்டது.

"ஆன்டி, உள்ள விட மாட்டேங்கிறாங்க. குடும்பம் மட்டும்தானாம். முதல்ல விட்டாங்க, அப்புறம் என்னாச்சுன்னு தெரியல."

எனக்குத் தெரிந்தது. நான் சொன்ன ஒரு வாக்கியம்தான். காட்டுவதற்கு அவர் கையில் ஒரு காகிதமும் இல்லை.

வீடு திரும்பிய பிறகு மகள் அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "ஏழு மணி நேரம்மா. தலை சுத்துது, வாந்தி வருது. அவர் இருக்காரா, போயிட்டாரான்னுகூட யாரும் சொல்லல." நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

படம் முடிந்தது. தீவில் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். "இன்னிக்கே அவரோட செமினிக்குப் போறேன்" என்றாள் மகள், யாரையும் பார்க்காமல். வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்திருந்த மாப்பிள்ளை டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இன்னும் ரெண்டு மாசம்தானே லா" என்றார் என் கணவர். "கோயில் புக் பண்ணியாச்சு. சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றது?"

"போகட்டும்" என்றேன். வாதாட எனக்குத் தெம்பு இல்லை. அதைவிட, மறுபடி அவளை அவரிடமிருந்து பிரித்து வைக்க எனக்குப் பயமாக இருந்தது.

கையைத் தூக்க முடியாதவளுக்கு முன்பக்கம் பட்டன் வைத்த சட்டைகளாகத் தேடிப் பையில் வைத்தேன். வாசலில் காலணியை மாட்டிவிட்டேன். என் முகத்தைப் பார்த்து, "செமினிதான் போறேன், தீவுக்கு இல்ல" என்றாள். மாப்பிள்ளை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவர்தான் போன் செய்தார். "வந்து சேர்ந்துட்டோம் ஆன்டி. மருந்து போட்டுட்டா." பின்னால் அவள் ஏதோ சொல்வது கேட்டது. அவளிடம் கொடுங்கள் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.