மூன்றாம் இராசாவின் தங்கச்சி

"உங்கட காத்துக்குக் கொஞ்சமும் பொறுமையில்லை, அக்கா."

காலையில் பால் விடாத பிளேன்ரீயைக் கையில் வாங்கியதும் மெற்றில்டா மிஸ் சொல்லும் முதல் வார்த்தை இதுதான். வாடைக்காற்று என்னவோ நான் வளர்த்து அவிழ்த்துவிட்ட ஆடு மாதிரி. "ஒரு ஆளுக்குக் கண்ணும் மூக்கும் வைச்சு முடிக்கிறதுக்குள்ள சாயத்தைக் காய வைச்சிடுது. கொஞ்சம் சொல்லி வையுங்கோவன்" என்பார். நானும் ஒவ்வொரு நாளும் ஒரே பதிலைத்தான் சொல்லுவேன். "காத்தும் என்ர மனுசனும் ஒண்டுதான் மிஸ். சொல்லிக் கேக்கிற ஆக்களில்லை."

மிஸ் என்று நான் சொல்வது பழக்கத்தால். அவர் பேராசிரியர், பல்கலைக்கழகத்தில் ஓவியம் படிப்பிக்கிறவர். ஒரு வருட லீவு எடுத்துக்கொண்டு, மன்னார்ப் பள்ளிமுனையில் எங்கள் வீட்டுப் பின்னறைக்குக் குடிவந்தார். கொண்டுவந்தது ஒரு சூட்கேஸ், கட்டுக்கட்டாக வெள்ளைத் துணி. சவப்பெட்டிக் கடை ஏதும் போடப்போகிறாரோ என்று எனக்கு ஒரு யோசனை ஓடியது உண்மை.

சுருள் சுருளான, அடர்ந்த தலைமயிர் அவருக்கு. சீப்பு உள்ளே போகாது, ஆனால் மற்றதெல்லாம் போகும். தூரிகை, பென்சில், கரித்துண்டு எல்லாவற்றையும் அதற்குள்தான் செருகி வைப்பார். காணாமற்போன என் தேக்கரண்டியையும் ஒருநாள் அங்கிருந்துதான் எடுத்தேன். சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார், ஏனென்றால் என்ன சாப்பிடுகிறார் என்று அவருக்கே தெரியாது. சாயத்தண்ணியில் தூரிகையை விடுகிறேன் என்று பிளேன்ரீக்குள் விட்டு, அதையே குடித்தும் விட்டார். "கொஞ்சம் துவர்க்குது" என்றார், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துப் பெருக்கமரத்தைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். பத்துப் பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத மரம். வெளியூர்க்காரர் வந்து முன்னால் நின்று படம் எடுப்பார்கள். மிஸ் ஈரத்துணியை அதன் அடியில் சுற்றிக் கட்டி, மேலே கரியால் தேய்ப்பார். சாயத்துக்கு அதன் கீழே உதிர்ந்து கிடக்கிற பட்டையை அவிப்பார். அவிப்பது என் பானையில்.

"என்ன மிஸ் இது, சோத்துப் பானையில?"

"பெருக்கம் பட்டை, அக்கா. நல்ல மண்ணிறம் வரும்."

"சோறும் அந்த நிறத்திலதான் வரப்போகுது."

"வரட்டுமே. ஒருநாளைக்கு எல்லாரும் ஒரு நிறத்தில சாப்பிடுவம்."

அதன்பிறகு அந்தப் பானையை அவருக்கே கொடுத்துவிட்டேன்.

ஏன் இந்த மரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "இது ஆபிரிக்காவில இருந்து வந்த மரம் எண்டு பலகை நட்டு எழுதி வைச்சிருக்கினம், அக்கா. அங்கயிருந்து மனுசரும் வந்தவை. அவைக்குப் பலகை இல்லை." போர்த்துக்கேயர் கோட்டை கட்டின காலத்திலும், பிறகு ஒல்லாந்தர் காலத்திலும், ஆபிரிக்காவிலிருந்து ஆட்களைக் கப்பலில் ஏற்றி இலங்கைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். சிலரைச் சிப்பாயாக, சிலரை அடிமையாக. காப்பிரிகள் என்று ஊர் சொல்லுகிற அவர்களுடைய பிள்ளைகள் புத்தளம் பக்கம் இன்றைக்கும் தங்கள் பாட்டைப் பாடி ஆடுகிறார்கள். மன்னாரில் நின்றவர்கள் எங்கே என்பதுதான் மிஸ்ஸின் கேள்வி. "செத்துப் போயிருப்பினம்" என்றேன். "இல்லையக்கா. விடியக்காலமை மீன் சந்தையில உங்களோட விலை பேசுகினம்" என்றார்.

காய்ந்த துணியெல்லாம் என் உடுப்புக் கொடிக்குத்தான் வரும். மரத்தின் தோல், யானைத் தோல் மாதிரி, மடிப்பு மடிப்பாகத் துணியில் இறங்கியிருக்கும். அந்த மடிப்புக்குள்ளிருந்து மிஸ் ஆட்களை எடுப்பார். வரைவார் என்று சொன்னால் சரிவராது, எடுப்பார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு மடிப்புக் கூடுகிற இடம் ஒரு புருவம். மரத்தில் ஒரு முடிச்சிருந்தால் அது தோள்மூட்டு. சாயம் வழிந்த இடம் ஒரு பெண்ணின் கழுத்து. பின்னேர வெயில் பின்னாலிருந்து விழும்போது துணி கண்ணுக்குத் தெரியாது, ஆள் மட்டும் தெரியும். கடற்பக்கமிருந்து காற்று வர எல்லாரும் ஒன்றாக ஒரு அடி முன்னுக்கு வைப்பார்கள். காற்று ஓய, நின்று யோசிப்பார்கள். நடுவில் என் மனுசனின் சாறமும் என் சட்டையும் தொங்கும். அவையும் எங்கேயோ புறப்பட்ட மாதிரித்தான் ஆடும்.

உடுப்பெடுக்கப் போன நான், வாளியை இடுப்பில் வைத்தபடி, அவர்கள் கரைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். உப்புக் காற்றில் அவர்களுடைய வேர்வை மணக்கிற மாதிரிக்கூட இருக்கும். அதற்குள் அடுப்பில் கறி அடிப்பிடித்துவிடும். யாரைத் திட்டுவது? செத்து நானூறு வருசமான ஆட்களையா?

ஒருநாள் தெருக்கழுதை ஒன்று வேலிக்குள் புகுந்து ஒரு கிழவருடைய காலைத் தின்றுவிட்டது. நான் தடியோடு ஓடினேன். மிஸ் அந்தக் கிழிசலைத் தைக்கவேயில்லை. "நொண்டிக்கொண்டு வரட்டும். வாறது முக்கியம்" என்றார்.

மிஸ் பிறந்தது பக்கத்து மீன்பிடி ஊரான தாழ்வுபாட்டில். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் தாயும் தகப்பனும் போக, அண்ணன் கிறகரிதான் தங்கச்சியைப் படகில் ஏற்றி அக்கரைக்கு, இந்தியாவுக்குக் கொண்டுபோனவர். அழுதால் நேவிக்குக் கேட்டுவிடும் என்று வழி முழுக்கத் தங்கச்சியின் வாயைப் பொத்திப் பிடித்தபடி இருந்தாராம். மண்டபம் முகாமில் கூலிவேலை செய்து படிக்க வைத்ததும் அந்த அண்ணன்தான். சண்டை ஓய்ந்தபிறகுதான் ஊர் திரும்பினார்கள். "இருட்டுக்குள்ள படகில வந்தவையின்ர கதையை நான் புத்தகத்திலயோ படிக்கோணும்?" என்று மிஸ் ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு உள்ளங்கையால் தன் வாயைப் பொத்திக் காட்டினார். சிரித்துக்கொண்டுதான் காட்டினார்.

அந்த அண்ணனோடுதான் பிரச்சினை வந்தது.

தாழ்வுபாட்டில் தை மாதம் மூன்று இராசாக்கள் திருநாளுக்கு, இராசா வேஷம் போட்டவர்கள் கடற்கரைத் தெருவால் நடந்து கோயிலிலிருக்கிற யேசு பாலன் குடிலுக்குக் காணிக்கை கொண்டுபோவார்கள். வெள்ளைப்போளம் என்கிற வாசனைப் பிசின் கொண்டுபோகிற மூன்றாம் இராசா கறுப்பு இராசா. அந்த வேஷம் பரம்பரை பரம்பரையாகக் கிறகரி வீட்டுக்குத்தான். ஏன் என்று கேட்டால் "அது எங்கட முறை" என்பார்கள். தேங்காயெண்ணெயில் சட்டிக்கரியைக் குழைத்து முகம் முழுக்கப் பூசி, தகர முடியை வைத்துக்கொண்டு நடப்பார் கிறகரி. அந்த முகத்துக்குக் கரி ஏன் என்று அதுவரைக்கும் ஒருவரும் யோசித்ததில்லை. நானும்தான்.

கருவாடு வாங்க நானும் மிஸ்ஸோடு தாழ்வுபாட்டுக்குப் போன அன்றைக்கு அவர் அதைப் போட்டு உடைத்தார். கிறகரி தன் மீன்வாடிக் கொட்டிலுக்கு வெளியே மீன் காயப்போட்டுக்கொண்டு நின்றார்.

"அண்ணை, இந்தமுறை கரி பூசாமல் உங்கட முகத்தோட நடவுங்கோ. தெருக்கரையில நான் என்ர துணியளைக் கட்டிவிடுறன்."

"எது? அந்தக் காப்பிரிப் படங்களோ?"

"எங்கட ஆக்கள், அண்ணை."

"உன்ர ஆக்கள். நீ அதைச் சொன்னால் உனக்குப் பட்டம் தருவாங்கள். நான் சொன்னால் என்ன தருவாங்கள் தெரியுமே? நிறஞ்சலாவுக்குக் கலியாணம் பேசின இடத்தில இருந்து சரிவராது எண்டு பதில் தருவாங்கள்."

மகள் நிறஞ்சலா மீன் கூடையோடு பக்கத்தில் நின்றாள். "அப்பா, கீரி ஊரில இருந்து மாப்பிளை வீட்டுக்காரர் வந்து என்னைப் பாத்திட்டுத்தானே போனவை? என்ர தலைமயிர் என்ன, அண்டைக்கு லீவிலயோ நிண்டது?"

"நீ வாயை மூடு."

மிஸ் விடவில்லை. "அந்தக் கரியே எங்களை ஒளிக்கத்தான், அண்ணை. வேஷம் எண்டு சனம் நினைக்கட்டும், முகம் எண்டு நினைக்கக்கூடாது எண்டு ஆரோ ஒரு காலத்தில பூசத் தொடங்கினது."

கிறகரி கையிலிருந்த மீனைக் கீழே வைத்தார். "கோயில் சபையில சொல்லி வேஷத்தை எங்கட தெரு எமிலுக்குக் குடுத்தாச்சு. இனி எங்கட வீட்டில ராசாவும் இல்லை, கரியும் இல்லை. அந்தத் துணி இந்தக் கரையில ஏறினால், மெற்றி, என்ர வாசலுக்கு வராதை. நான் உனக்கு அண்ணனும் இல்லை."

கருவாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன். ஓட்டோவில் வந்து இறங்கியதும் மிஸ் கொடியிலிருந்த ஆட்களை ஒவ்வொருவராக இறக்கிச் சுருட்டத் தொடங்கினார்.

"கட்டேல்லையோ மிஸ்?"

"துணி கட்ட ஆயிரம் இடம் கிடைக்கும் அக்கா. அண்ணை ஒராள்தானே."

"அப்ப இவையள்?"

"சுருட்டி வைச்சால் நித்திரை கொள்ளுவினம். பழகின ஆக்கள்தானே."

அடுத்த நாள் பிளேன்ரீயை வாங்கிக் குடித்தார். காற்றைப் பற்றி ஒரு குறையும் இல்லை. வெறுங்கொடியைப் பார்க்க எனக்கு வந்த கோபத்தில் என் மனுசனைத்தான் ஏசினேன்.

திருநாளன்று நான்தான் அவரை இழுத்துக்கொண்டு போனேன். அண்ணன் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றார், தெருவில் நிற்க ஆருடைய அனுமதி வேண்டும் என்றேன். பெண்களோடு பெண்களாக ஒதுங்கி நின்றோம். பொழுது சாய்கிற நேரம். கடல் தண்ணீர் மாதிரி இல்லை, யாரோ விரித்துவிட்ட பட்டுச்சீலை மாதிரிக் கிடந்தது. மேளம் கேட்டது. முதல் இராசா வந்தார், இரண்டாம் இராசா வந்தார். பிறகு எமில்.

பாவம், எமில். முகமெல்லாம் கரி, கையில் வெள்ளைப்போளச் செம்பு, தலையில் கிறகரி வீட்டுத் தகர முடி. அந்த முடி அடர்ந்த சுருள்மயிருக்கு மேலே உட்காருகிற அளவுக்குச் செய்தது. எமிலுக்கோ வழுக்கை. நாலு அடி வைக்க முடி இறங்கி மூக்கில் வந்து நின்றது. கோயில் சபைக்கு வேஷத்தை மாற்றத் தெரிந்தது, தலையை அளக்கத் தெரியவில்லை. கண் தெரியாத இராசா நேரே கடலைப் பார்த்து நடந்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது.

"கிறகரி அண்ணை, உங்கட முடியை வந்து பிடியுங்கோ! ராசா வந்த வழியாலயே திரும்பிப் போறார்!" என்று எவனோ கத்தினான்.

கிறகரி கீரிச் சம்பந்திகளுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சேட்டும் சாறமுமாக நின்றார். கொஞ்ச நேரம் கேட்காத மாதிரி நின்றார். பிறகு போனார். போய், எமிலின் தலையில் முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வேலைக்காரன் மாதிரிப் பக்கத்தில் நடந்தார். அதுவும் சரிவரவில்லை, இருவருடைய காலும் தடுக்கியது. எமில் நின்று, முடியைக் கழற்றி, "இந்தா, உன்ர தலைக்குச் செய்தது. என்னை விடு, நான் வீட்டை போறன்" என்று கிறகரியின் தலையில் வைத்துச் செம்பையும் கையில் திணித்தார்.

முடி அப்படியே இருந்தது. அசையவில்லை.

கரி பூச நேரமில்லை. சொந்த முகத்தோடு கிறகரி தெரு நடுவில் நின்றார். சிரிப்பு மெல்ல அடங்கியது. அவருக்குப் பின்னால் வானம் செம்மண் நிறமாக இருந்தது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒரு கணம் அவர் தாழ்வுபாட்டு ஆளா, கப்பலிலிருந்து இறங்கின ஆளா என்று பிடிபடவில்லை. அவர் தலை குனிந்திருந்தது. அப்போது பெண்கள் பக்கமிருந்து நிறஞ்சலாவின் குரல் வந்தது: "அப்பா, நிமிந்து நடவுங்கோ!"

நிமிர்ந்து நடந்தார், குடில் வரைக்கும்.

நான் பார்த்தது கீரி மாப்பிள்ளையின் தாயின் முகத்தை. அந்த மனுசி செபமாலையை உருட்டிக்கொண்டேயிருந்தா. கலியாணம் இன்னும் பேச்சில்தான் இருக்கிறது. மிஸ் தன் அண்ணனைக் கிட்டப்போய்ப் பார்க்கவில்லை. கூட்டம் கலைய முதலே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

இரண்டு நாள் கழித்து மோட்டார் சைக்கிளில் கிறகரி எங்கள் வாசலில் வந்து நின்றார். ஒரு பை மீனை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே பார்த்து, "எங்க உன்ர ஆக்கள்?" என்றார். மிஸ் ஒரு சுருளை விரித்தார். காலில்லாத கிழவர். கிறகரி குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார். கழுதை தின்ற ஓரத்தை விரலால் தடவினார்.

"இவ்வளவு நாளும் சுருட்டியோ வைச்சிருந்தனீ? மூச்சு முட்டியிருக்குமெல்லோ."

"நீங்கள்தானே அண்ணை…"

"நான் சொன்னது எல்லாத்தையும் கேட்டே வளந்தனீ?" என்று சொல்லிவிட்டுச் சுருள்களைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

இப்போது அவர்கள் எல்லாரும் தாழ்வுபாட்டில், கிறகரியின் வாடிக்குப் பக்கத்திலுள்ள கருவாட்டுப் பந்தலில் நிற்கிறார்கள். கட்டினது கிறகரி, படகு கட்டுகிற முடிச்சால். கடைசித் துணியில் இருக்கிறவர் தகர முடி வைத்திருக்கிறார், கரி பூசவில்லை.

மன்னார்ப் பக்கம் வருகிறவர்கள் போய்ப் பாருங்கள். மீன் மணக்கும், மூக்கைப் பொத்தவேண்டாம். பொழுது சாய்கிற நேரம் போனால் நல்லது. மெற்றில்டா மிஸ் அங்கேதான் நிற்பார். விளக்கம் ஒன்றும் சொல்லமாட்டார், கேட்டுத் தொந்தரவு செய்யாதீர்கள். துணி மடிப்புக்குள் ஆளைத் தேடுகிற மாதிரி உங்களைத்தான் பார்ப்பார். பிறகு கிட்ட வந்து, சாயம் ஊறின விரலால் உங்கள் தாடையைப் பிடித்து, முகத்தை மெதுவாக வெளிச்சத்தின் பக்கம் திருப்புவார். கோபிக்காமல் கொஞ்சநேரம் அப்படியே நில்லுங்கள்.