அக்காவுக்கு நான் சொன்ன யோசனை

வன்னியில் கடைசிச் சண்டை நடந்த மாதங்களில், இலண்டனில், இல்ஃபோர்டில் வீட்டுக்குள் இருந்தபடியே நானும் போர் நடத்திக்கொண்டிருந்தேன். சுவரில் பெரிய வரைபடம் ஒட்டியிருந்தேன். வேலையால் வந்ததும் இணையத்தில் செய்தி பார்த்து, இராணுவம் எதுவரை வந்துவிட்டது, இயக்கம் எங்கே நிற்கிறது என்று பேனையால் கோடு போடுவேன்.

ஒருநாள், அங்கே அகப்பட்டிருந்த அக்கா யாரோ ஒருவரின் சற்றலைற் போனில் எனக்கு அழைப்பு எடுத்தார்.

"தம்பி, சனம் கடலேரியைக் கடந்து ஆமிப்பக்கம் போகுது. நாங்களும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகட்டோ?"

நான் வரைபடத்தைப் பார்த்தேன். "அவசரப்படாதேங்கோ அக்கா. இயக்கப் பெடியள் திருப்பி அடிக்கப்போறாங்கள். இருங்கோ."

"நீ சொன்னால் சரி. உனக்குத்தானே செய்தியெல்லாம் தெரியும்."

ஒருவரும் திருப்பி அடிக்கவில்லை. நான்காம் நாள் அவர்களின் பதுங்குகுழிக்குப் பக்கத்தில் எறிகணை விழுந்தது. அக்காவின் ஒரே மகள் போய்விட்டாள். ஒன்பது வயது.

அக்கா இப்போது என்னோடுதான் இருக்கிறார். அந்தப் போனைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் கதைத்ததில்லை. போன மாதம் சாப்பிட வந்த என் சிநேகிதன் கேட்டான்: "ஏனக்கா, சனம் கடக்கேக்கை நீங்களும் வெளிக்கிட்டிருக்கலாமே?"

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "எங்களுக்குப் பாதை தெரியேல்லை, தம்பி," என்று அவனிடம் சொன்னார். பிறகு என் சோற்றுக் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கறி விட்டார். "சாப்பிடு, ஆறப்போகுது."

அக்காவுக்குப் பாதை தெரிந்திருந்தது. மறித்தவன் நான். குனிந்தபடி சாப்பிட்டு முடித்தேன்.