குதிரைக்குத்தான் நாடி பார்த்தோம்

நீடாமங்கலத்துக்கு மாற்றலாகி வந்த புதிது. கால்நடை மருத்துவமனைக்குப் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தேன். கணவருக்குச் சென்னையில் வேலை. அவர் வருவது மெல்லக் குறைந்துபோயிருந்தது. என்னிடம் வருகிறவர்கள் மாட்டைப் பற்றிக் கேட்பார்கள், மருந்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். சில நாள் மாட்டிடம்தான் அதிகம் பேசியிருப்பேன்.

அப்போது தஞ்சாவூரில் இருந்த குதிரைக் கிளப்காரர்கள் வெண்ணாற்றங்கரையோடு நீண்ட தூரச் சவாரி ஒன்று நடத்தினார்கள். குதிரை தளராமல் கடைசிவரை போய்ச் சேர வேண்டும், அதுதான் போட்டி. வழியில் நிறுத்தி மருத்துவர் பார்த்துச் சரி என்றால்தான் மேலே போகலாம். கடைசி நிறுத்தத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது என்று ஒத்துக்கொண்டேன்.

சம்பா அறுவடை நேரம். வெயில் ஏறிய பிறகு பெரிய குதிரை ஒன்றில் ஒருவர் வந்து இறங்கினார். நான் அதன் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, “பின்னாடி என் பொண்ணு வருது டாக்டரம்மா. வந்ததுலேயே சின்னவ அவதான்” என்றார். குரலில் பெருமை இருந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் ஒரு மட்டக்குதிரை கரையில் தெரிந்தது. மேலே ஆறு வயது மதிக்கத்தக்க பெண். தூக்கி இறக்கினேன். முழங்காலை நிமிர்த்தாமல் அப்படியே நின்றாள். குதிரையின் துடிப்பைப் பார்த்தேன், ஈறைப் பார்த்தேன், நடத்திப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. திரும்பினால், அவள் அதன் கழுத்தில் சாய்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொல்றே அதுகிட்ட?”

“சும்மா பேசறேன். வழியெல்லாம் பேசிக்கிட்டேதான் வந்தேன். திரும்பிப் பாத்தா யாருமே இல்ல. நான் பேசலேன்னா இதுக்கு பயமா இருக்கும்.”

“உனக்குக் கால் வலிக்குதா?”

“குதிரைக்கு வலிக்கல” என்றாள்.

கால்சட்டையை முழங்காலுக்கு மேலே மெதுவாகச் சுருட்டினேன். இரண்டு முழங்காலின் உட்புறமும் தோல் உரிந்து துணியோடு ஒட்டியிருந்தது.

அவள் அப்பாவிடம் சொன்னேன். “நான் கட்டாயப்படுத்தலீங்க. அவளே ஆசப்பட்டு வந்தா. நீங்க குதிரைய மட்டும் பாத்துச் சொல்லுங்க” என்றார். கிளப்காரரும், “பசங்க வயசப் பத்தி நம்மகிட்ட ரூல் ஏதும் இல்லீங்க” என்றார்.

குதிரை நொண்டுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். வாய்வரை வந்தது. அந்தக் குதிரைக்குப் பயம் வராமல் பார்த்துக்கொண்டு வந்தவளிடம் அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

“குதிரை நல்லா இருக்கு. புள்ளதான் நடக்க முடியாம நிக்குது. ஏத்துறதா இருந்தா ஏத்துங்க, நான் கிளம்பறேன். மிச்சக் குதிரைங்கள நீங்களே பாத்துக்குங்க.”

அப்பா குனிந்து அவள் காலைப் பார்த்தார். அதுவரை அவர் பார்த்திருக்கவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்மா சொல்லல?”

“எங்க சொல்றது? நீங்கதான் முன்னாடி போயிட்டீங்களே.”

புண்ணைக் கழுவி மருந்து போடும்போது அவள் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். போட்டு முடிந்ததும் கையை உதறிவிட்டாள். “இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்துச்சு” என்று அழுதாள். அப்பா அவளைத் தூக்கிக் கிளப்காரர்களின் காரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். கார் திரும்பும்வரை அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

சாயங்காலம் கணவருக்குப் போன் செய்து சவாரிக்குப் போனதைச் சொன்னேன். “ஞாயித்துக்கிழமையுமா வேலை?” என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி நான் சொல்லவில்லை.

இப்போது சின்னக் குழந்தைகளைக் குதிரைக்குப் பழக்கலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகப் பழக்குங்கள், தீனி வைக்கட்டும், மைதானத்தில் சுற்றி வரட்டும் என்பேன். இந்த நீண்ட தூரம் மட்டும் வேண்டாம். தைரியம் வரும் என்கிறார்கள். அவளுக்குத் தைரியம் வேண்டிய மட்டும் இருந்தது. அதனால்தான் வலியைச் சொல்லாமலே வந்தாள்.

அடுத்த முறை சவாரிக்கு வேறு மருத்துவரைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவள் மறுபடியும் வந்தாளா என்று கேட்க எனக்கு அங்கே யாரையும் தெரியாது.