ஸ்டெல்லா அக்கா மெஸ்ஸின் சாம்பார் சாதம்

தஞ்சாவூரில் சாப்பிடும் ஒவ்வொரு கடையையும் தேதியோடு நோட்டில் குறித்து, பிறகு இணையத்தில் எழுதுவது என் வழக்கம். ஸ்டெல்லா அக்கா மெஸ்ஸின் பலகையில் மட்டன் பிரியாணி என்றிருந்தது. இலையில் சாம்பார் சாதம் வந்தது. காரணம் கேட்காமலே சாப்பிட்டு வந்து, “ஏமாற்று வேலை, யாரும் போகாதீர்கள்” என்று எழுதிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து நோட்டைப் புரட்டியபோதுதான் உறைத்தது. சுவரில் மாதா படம் இருந்ததைக்கூடக் குறித்திருக்கிறேன். ஆனால் அது தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கத்தோலிக்கர் இறைச்சி தொடாத நாள் என்பது அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

எழுதியதை நீக்கினேன். ஒருவர் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனோ என்ற பயத்தோடு அடுத்து வந்த வெள்ளிக்கிழமையே போனேன். கடையில் உட்கார இடமில்லை.

“அக்கா, அதை எழுதினது நான்தான். மன்னிச்சிடுங்க.”

அக்கா கரண்டியோடு என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அந்த மகராசன் நீங்கதானா? ஒரு வாரம் ஈ ஓட்டினேன் சார். அப்புறம் பாத்தா, அந்த ஏமாத்து சாம்பார் சாதம் இருக்கான்னு கேட்டுக்கிட்டு வராங்க. உக்காருங்க, இன்னைக்கும் பிரியாணி கிடையாது!”

கடையே சிரித்தது. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. சாதத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினேன்.

இப்போது நோட்டில் தேதியோடு கிழமையையும் எழுதுகிறேன். குறை எழுதுவதற்கு முன், எழுந்துபோய் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்.