இரண்டாம் வரிசையிலிருந்து கரடியூர் வரை

சென்ற ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நான் ஏற்காடு போனதற்குக் காரணம் ஏற்காடு அல்ல, என் விமான அட்டை. நான் அடிக்கடி பறக்கும் நிறுவனம் எனக்கு ஒரு தங்க நிற அட்டை கொடுத்திருக்கிறது. அது கையில் இருந்தால் தனி வரிசை, முதல் ஆளாக ஏறலாம், முன்பக்க இருக்கைக்குக் காசு கிடையாது. மாதம் முடிவதற்குள் இன்னும் இரண்டு முறை பறக்காவிட்டால் தங்கம் வெள்ளியாக இறங்கிவிடும் என்று மின்னஞ்சல் மேல் மின்னஞ்சலாக வந்துகொண்டிருந்தது. ஹைதராபாத்திலிருந்து எங்கே போய்த் திரும்பினால் செலவு குறையும் என்று தேடினேன். சேலம் வந்தது. சேலம் என்றால் ஏற்காடு. ஐம்பத்து மூன்று வயதில், தனியாக, ஒரு பிளாஸ்டிக் அட்டைக்காக மலை ஏறப் போன ஆள் நான்தான்.

சேலம் விமானம் வழியாக ஏற்காடு போவது எப்படி, நாய் பூனையோடு போக முடியுமா என்று பலர் இந்த வலைப்பூவில் கேட்டிருக்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். இரண்டு மாதம் எழுதாமல் தள்ளிப் போட்டதற்கும் காரணம் இருக்கிறது. படித்தால் தெரியும்.

வியாழக்கிழமை காலை 10.05 விமானம். இறக்கைக்குக் கீழே விசிறி சுற்றும் சின்ன விமானம், மொத்தம் பதினெட்டு வரிசை. இதில் ஒரு வேடிக்கை, பயணிகள் ஏறி இறங்கும் கதவு வாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முன்னுரிமைக்காரர்கள் முதலில் ஏறி, காலி இருக்கைகளைத் தாண்டி முன்னால் வரை நடக்க வேண்டும். நான் அப்படித்தான் தலை நிமிர்ந்து நடந்தேன். என் இடம் இரண்டாம் வரிசை, நடைபாதை ஓரம்.

எனக்கு முன்பே ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கலாம். காலடியில் வலை வைத்த துணிப்பை, அதற்குள் வெள்ளையாக ஒரு பொமரேனியன். செல்லப்பிராணியோடு வருபவர்களைத் தங்க அட்டைக்கும் முன்னால் ஏற்றிவிடுவார்களாம். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நாய் குரைத்தது. நிறுத்தாமல் குரைத்தது. விமானம் நிரம்பும் வரை, இருபது நிமிடம், ஜிப்பை நகத்தால் பிறாண்டிக்கொண்டே குரைத்தது. அவள் குனிந்து பைக்குள் விரலை விட்டிருந்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். நான் உச்சுக்கொட்டிவிட்டு, "இது எப்பத்தான் நிறுத்தும்?" என்று உரக்கவே கேட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

"செத்த பொறுத்துக்க சாமி. ஒன்ற மணி நேரந்தான்."

எனக்குச் சுருக்கென்றது. நான் சென்னையில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் ஊரில் ஒருவரைச் சாமி என்று அழைத்தால் ஒன்று அவர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் நக்கல். அதிலும் 'பொறுத்துக்க'! ஒரு 'ங்க' கூட இல்லை. என் மகள் வயதுக்காரி என்னைக் கேலி செய்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பணிப்பெண்ணைக் கூப்பிட்டேன். அவர் நயமாகப் பேசினார். பதினெட்டாவது வரிசையில் ஒருவர் மாறிக்கொள்ளத் தயாராக இருக்கிறார், நீங்கள் பின்னால் உட்கார்ந்துகொள்கிறீர்களா என்று கேட்டார். தங்க அட்டைக்காரனைக் கடைசி வரிசைக்குப் போகச் சொல்கிறார்களே என்று எனக்கு இன்னும் ஏறியது. முடியாது என்றேன். நாய் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் நான் இறங்குகிறேன், எழுதியே தருகிறேன் என்றேன். உண்மையில் நான் இறங்கியிருக்க மாட்டேன். இறங்கினால் அட்டை போய்விடும். அது எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

அடங்காமல் சத்தம் போடும் பிராணியைக் கதவு மூடுவதற்கு முன் இறக்கிவிடலாம் என்று விதி இருக்கிறது. எழுத்தில் புகார் வந்தபின் விமானி அந்த விதியைப் பார்த்தார். தரையிலிருந்து இருவர் வந்து அவளிடம் தாழ்ந்த குரலில் பேசினார்கள். அவள் இரண்டு முறை, "இன்னைக்கே போகோணுங்க, தயவுபண்ணுங்க" என்றாள். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். என்னைத் தாண்டும்போது, "கொஞ்சம் வழி விடுங்க" என்றாள். அதில் 'ங்க' இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை.

விமானம் 10.50க்குக் கிளம்பி 12.25க்குச் சேலத்தில் இறங்கியது. ஒன்றரை மணி நேரமும் நிம்மதியாகத் தூங்கினேன். ஜன்னல் இருக்கை காலியாக இருந்ததால் காலை நீட்டிக்கொள்ளவும் வசதியாக இருந்தது.

விமான நிலையம் சின்னது. வெளியே வந்தால் நான்கைந்து கார்கள்தான் நிற்கும். ஏற்காட்டுக்கு 2,200 ரூபாய் கேட்டார்கள். பேரம் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர் வந்தார். பெயர் ராஜேந்திரன், நாற்பது வயது, ஏற்காட்டின் நடுச் சந்திப்பான ஒண்டிக்கடையில் கார் வைத்து ஓட்டுபவர். "ஏற்காடுங்களா சார்? நான் காலியாத்தான் மேல போறேனுங்க. ஆயிரத்தி இருநூறு குடுத்தீங்கன்னா போதும்" என்றார். ஆயிரம் ரூபாய் மிச்சம். சந்தோஷமாக ஏறிக்கொண்டேன். பின்சீட்டில் ஓர் அட்டை கிடந்தது. ஸ்கெட்ச் பேனாவில் 'கோகிலா, கரடியூர்' என்று எழுதியிருந்தது. ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

விமான நிலையத்திலிருந்து ஒண்டிக்கடை 47 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவுக்கு வரும்போது மணி 1.20. மழை தூறியது. மொத்தம் இருபது வளைவு. வாந்தி வரும் என்றால் முன்சீட்டில் உட்காருங்கள். நான் பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, யாரை அழைக்க வந்தீர்கள் என்று கேட்டேன்.

"எங்க பக்கத்துப் பொண்ணுங்க சார். ஐதராபாத்துல வேலை. அவிய அப்பாவுக்கு நொம்ப முடியலீங்க. இனிமே ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்கன்னு ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டாங்க. மூணு நாளா கட்டில்ல கெடக்கறாரு. பொண்ணத் தேடறாரு, அதவிட நாயத் தேடறாருங்க."

"நாயையா?"

"அவரு வளத்த நாய்ங்க, பஞ்சுன்னு பேரு. சம்சாரம் போனப்புறம் அவருக்கு அதுதானுங்க தொணை. ஆஸ்பத்திரியில சேத்தப்ப, சோறு வெக்க ஆளில்லைன்னு பொண்ணு கூட்டிட்டுப் போச்சு. இப்ப பஞ்சு எங்க, பஞ்சு எங்கன்னு ஒரே கேள்விங்க."

"வீடியோ காலில் காட்டலாமே" என்றேன். ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

"கண்ணு மங்கிப் போச்சுங்களே சார். தொட்டுப் பாக்கோணுங்கறாரு. அதுக்குத்தானுங்க பிளேன்ல கூட்டியாறதா இருந்துச்சு. ரயிலு, பஸ்ஸுன்னா நாளாயிருமில்லீங்க? ஏறி உக்காந்தப்புறம் எறக்கி உட்டுட்டாங்களாம். யாரோ ஒரு பெரிய மனுசன் நாய் கூட உக்கார மாட்டேன்னுட்டாராமுங்க."

கண்ணாடியில் அவர் கண் என்னைப் பார்த்தது போல இருந்தது. சாலையைத்தான் பார்த்திருப்பார். பக்கத்தில் கிடந்த பெயர் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். அடுத்த விமானம் சனிக்கிழமைதான் என்றும், அவள் வாடகைக் கார் பிடித்து நாயோடு கிளம்பிவிட்டாள் என்றும், எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, வந்து சேர நடுராத்திரி தாண்டிவிடும் என்றும் சொல்லிக்கொண்டே வந்தார்.

பதினேழாவது வளைவில் அவர் ஃபோன் அடித்தது. ஓரமாக நிறுத்தி எடுத்தார். "வந்தர்றேன் சாமி. செத்த பொறுத்துக்க. அரை மணி நேரந்தான்" என்று சொல்லி வைத்தார்.

யார் என்று கேட்டேன்.

"எம் பொண்ணுங்க. ஆறாவது படிக்குது, இன்னைக்குக் காய்ச்சல்னு பள்ளிக்கூடம் போகல. எங்கூர்ல கொழந்தைங்கள சாமி, கண்ணுன்னுதாங்க கூப்பிடுவோம். ஆடு குட்டி, நாய்க்குட்டியக்கூட அப்படித்தான்" என்று சிரித்தார். "உங்கள மாதிரி பெரியவங்களச் சொல்ல மாட்டோமுங்க, மரியாதையா இருக்காதில்ல?"

அவள் என்னிடம் பேசவே இல்லை. பைக்குள் இருந்த நாயைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தாள். நான்தான் இல்லாத கேலியை எடுத்து என் தலையில் வைத்துக்கொண்டேன். நான்தான் அந்த ஆள் என்று அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, பயமாக இருந்தது.

இரண்டு மணிக்கு ஒண்டிக்கடையில் இறங்கினேன். ஏரிக்குப் பக்கத்தில் அறை, ஒரு நாளைக்கு 1,800 ரூபாய், வெந்நீர் காலை ஏழு முதல் ஒன்பது வரை. ஏரியைச் சுற்றி நடந்தேன். படகுத்துறையை மழைக்காக மூடியிருந்தார்கள். பகோடா பாயிண்ட் 4 கிலோமீட்டர், ஆட்டோவில் போனேன், மூடுபனியில் ஒன்றும் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் பார்த்திருக்க மாட்டேன். மிளகாய் பஜ்ஜி வாங்கி அப்படியே கையில் வைத்திருந்தேன். அவள் இப்போது கர்னூல் தாண்டியிருப்பாளா, அனந்தபூர் தாண்டியிருப்பாளா என்று கைபேசியில் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் யாருக்காகவும் அப்படி வழி பார்த்ததில்லை.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கரடியூர் காட்சிமுனைக்குக் கூட்டிப்போவதாக ராஜேந்திரன் சொல்லியிருந்தார். 7.40க்கு அழைத்தார். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. வேற வண்டி பாத்துக்குங்க. அவரு போயிட்டாருங்க. நேத்து சாயந்திரம் ஆறே முக்காலுக்கு."

"அந்தப் பெண்?"

"ராத்திரி ஒன்றரை மணிக்குத்தானுங்க வந்துச்சு."

நான் மனதில் கணக்குப் போட்டேன். விமானத்தில் வந்திருந்தால் இரண்டரை மணிக்குக் கரடியூரில் இருந்திருப்பாள். நான்கு மணி நேரத்துக்கு மேல் அவர் கை நாயின் மேல் இருந்திருக்கும். நானும் வருகிறேன் என்றேன். எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் வந்து ஏற்றிக்கொண்டார்.

ஒண்டிக்கடையிலிருந்து அந்த வீடு 9 கிலோமீட்டர். கடைசி அரை கிலோமீட்டர் காப்பித் தோட்டத்துக்குள் மண் பாதை, மழைக்காலத்தில் கார் போகாது. நடந்தோம். வீட்டு முன்னால் தார்ப்பாய் கட்டி, பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஆட்கள் வந்து உறவினரின் கையைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். உள்ளே பெஞ்சில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். பெஞ்சுக்கு அடியில் பஞ்சு, முகத்தை முன்னங்கால் மேல் வைத்துப் படுத்திருந்தது. இத்தனை ஆட்கள் வந்து போகிறார்கள், ஒரு சத்தம் இல்லை.

கோகிலா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்தினம் போட்டிருந்த அதே சுடிதார். என்னை நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. வழி முழுக்க மன்னிப்பைத் தயார் செய்து வைத்திருந்தேன். "அம்மா, நான்…" என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை. விருந்தாளிக்கு இடம் காட்டுவது போல ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. உங்களுக்கு நாய்ச் சத்தம் ஆவாதுன்னு தெரியுமுங்க. அது இப்ப கத்தறதில்லீங்க."

பின்னால் நின்ற ராஜேந்திரன் என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. என்னால் உட்கார முடியவில்லை, போகவும் முடியவில்லை. கோகிலாவின் அப்பாவை எடுத்துக்கொண்டு போகும் வரை தார்ப்பாய்க்கு வெளியே மழையில் நின்றேன்.

ராஜேந்திரனின் காரிலேயே திரும்பினேன். இறங்கும் இடத்தில் அவர், "ஒண்டிக்கடை வந்திருச்சு" என்றார். அவ்வளவுதான். நேற்றிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ங்க' போட்ட மனிதர் அதைப் போடவில்லை. பணம் நீட்டினேன், வாங்காமல் வண்டியை எடுத்தார்.

சனிக்கிழமை காலை ஒண்டிக்கடையிலிருந்து பஸ் பிடித்துச் சேலம் வந்து, மதிய விமானத்தில் திரும்பினேன். தனி வரிசையில் நிற்கவில்லை. யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. வீடு வந்து சேர்வதற்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது: வாழ்த்துகள், உங்கள் தங்க அட்டை இன்னும் ஓராண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருக்கிறது.

கேட்டவர்களுக்கான தகவல்கள். நாய் பூனையோடு பறப்பதானால் பையோடு சேர்த்து எத்தனை கிலோ வரை உள்ளே விடுவார்கள் என்று நிறுவனத்திடம் முன்பே கேளுங்கள், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. கால்நடை மருத்துவர் சான்றிதழும் தடுப்பூசிப் புத்தகமும் கையில் இருக்கட்டும். ஏறுவதற்கு முன் நன்றாக நடக்க விடுங்கள், வயிறு நிறையச் சோறு போடாதீர்கள். அது பழகிய துணி ஒன்றைப் பைக்குள் வையுங்கள். சேலத்துக்குத் தினமும் விமானம் இல்லை, நாள் பார்த்து முன்பதிவு செய்யுங்கள்.

தங்க அட்டை வைத்திருப்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பின்னால் போய் உட்காரச் சொன்னால் போங்கள். அந்தச் சின்ன விமானத்துக்குக் கதவு வாலில்தான் இருக்கிறது. சேலத்தில் முதலில் இறங்குவது பதினெட்டாவது வரிசைதான். நான் கடைசி ஆளாகத்தான் இறங்கினேன்.