அக்காவின் பைபிளில் இல்லாத புத்தகம்

எனக்கும் அக்காவுக்கும் அம்மா ஒருத்திதான். அம்மாவின் கல்லறையும் ஒன்றுதான். ஆனாலும் நவம்பரில் செத்தவர்களுக்காக வேண்டுகிற ஆத்துமாக்கள் திருநாளுக்கு இப்போது நான் மட்டும்தான் அங்கே போய் நிற்கிறேன். அக்கா வந்து சில வருசமாகிவிட்டது.

அக்கா மொனராகலைப் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள். போன இடத்தில் ஒரு சபையில் சேர்ந்து, மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பைபிளில் எழுதியிருப்பதைத் தவிர எதையும் ஒத்துக்கொள்ள மாட்டாள். சுரூபம், செபமாலை, செத்தவங்களுக்குப் பூசை, எதைச் சொன்னாலும் ஒரே கேள்விதான்.

"எங்கடா எழுதியிருக்கு?"

நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஹல்துமுல்லையில் த்ரீவீல் ஓட்டுகிறேன். எங்கே எழுதியிருக்கிறது என்று எனக்கு என்ன தெரியும்? அம்மா செய்தார், எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் சொன்னார்கள், நான் செய்கிறேன், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவள் நவம்பர் வந்தால் மட்டும் தவறாமல் வந்துவிடுவாள். திருநாளுக்கு முதல் நாள் பஸ்ஸை விட்டு இறங்கி, தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போவாள். கல்லறையைச் சுற்றி ஆள் உயரத்துக்கு நிற்கும் இலுக்குப் புல்லை வெட்டி, மழையில் கரைந்த மண்ணை அணைத்துவிட்டு வருவாள். மறுநாள் ஃபாதர் தீர்த்தம் தெளித்துக் கல்லறைகளை மந்திரிக்கும்போது கொஞ்சம் தள்ளித் தேயிலையோரம் குடை பிடித்து நிற்பாள். மெழுகுதிரியைத் தொட மாட்டாள்.

"புல்லு வெட்டக்கூடாதுன்னு எங்கயும் எழுதல" என்று சிரிப்பாள்.

எனக்கு அது போதுமென்று இருந்திருக்கலாம். ஆனால் என் மனசு அப்படிப்பட்டதில்லை. ஸ்டாண்டில் ஆள் வராத நேரமெல்லாம் ஒரே யோசனை. செத்தவர்கள் பாவம் தீரும்வரை காத்துக் கிடக்கிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் அம்மாவும் கிடந்து, இந்த ஒரு மகளின் செபம் குறைவதால் வெளியே வர முடியாமல் இருந்தால் என்ன செய்வது? கடைசியில் ஃபாதரிடமே கேட்டுவிட்டேன்.

"செத்தவங்களுக்காக வேண்டுறது பைபிள்ல இருக்கா ஃபாதர்?"

"இருக்கே. மக்கபேயர் ரெண்டாம் புத்தகத்துல இருக்கு" என்றார்.

மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் சவாரி போகும்போதெல்லாம் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டே போனேன்.

அந்த நவம்பரில் அக்கா புல்லு வெட்டிவிட்டு வந்து எங்கள் லயத்து வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். கையில் மண்ணு இன்னும் போகவில்லை. நான் பொறுக்க மாட்டாமல் ஆரம்பித்தேன்.

"எங்க எழுதியிருக்குன்னு கேட்டியே அக்கா, மக்கபேயர் ரெண்டாம் புத்தகம். எடுத்துப் பாரு. பாத்துட்டு நாளைக்கு அம்மாவுக்கு ஒரு செபம் சொல்லு."

அவள் கையைத் துடைத்துவிட்டு, பையிலிருந்து பைபிளை எடுத்தாள். முன்பக்கத்தில் புத்தகங்களின் பேர் போட்டிருக்குமே, அதில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினாள்.

"இல்லையேடா."

"நல்லாப் பாரு."

"முழுசும் வாசிச்சவ நான். இந்தப் பேர்ல புத்தகமே இல்ல. ஒங்க ஃபாதர் ஒன்ன நல்லா ஏமாத்தியிருக்காரு தம்பி."

உள்ளே என் வீட்டுக்காரி சிரித்த சத்தம் கேட்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது. மழையோடு மழையாக மேல் லயத்துக்கு ஓடி, உபதேசியார் வீட்டில் கோயில் பைபிளை வாங்கி, சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தேன். அதில் இருந்தது. சண்டையில் செத்தவர்களின் பாவம் தீர வேண்டுமென்று ஒருவர் காணிக்கை சேர்த்துக் கோயிலுக்கு அனுப்பிய கதை. எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தேன்.

அக்கா ரெண்டு பைபிளையும் மடியில் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"இது ஒங்க ஆளுங்க சேர்த்துக்கிட்டது."

"ஒங்க ஆளுங்க எடுத்துப் போட்டது."

"அப்ப எது பைபிள்னு யாருடா சொன்னது?"

வம்புக்குக் கேட்ட மாதிரி இல்லை. அவளுக்கே நிஜமாகத் தெரியாமல் கேட்ட மாதிரிதான் இருந்தது. இப்போது நினைத்தால் அந்த இடத்தில் ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருந்திருக்கலாம் என்று படுகிறது. எனக்கோ கையில் புத்தகம் கிடைத்துவிட்ட தைரியம்.

"கோயில் சொல்லிச்சு. கோயில் சொல்லித்தான் ஒனக்கு பைபிளே கெடைச்சிச்சு. நீ புத்தகத்த மட்டும் எடுத்துக்கிட்டு அம்மாவ விட்டுட்டே."

அக்கா கோயில் பைபிளை மூடி என்னிடம் நீட்டினாள்.

"அம்மாவ விட்டவதான் இவ்வளவு நேரம் அங்க புல்லு வெட்டுனாளாடா?"

மறுநாள் நாங்கள் கல்லறைக்குப் புறப்படுவதற்கு முன்பே, கொஸ்லந்தை வழியாக அவள் ஊர்ப்பக்கம் போகிற முதல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள்.

பிறகொரு நாள் ஃபாதரிடம் சொன்னேன். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"பெரிய பெரிய படிச்சவங்களே தலைமுறை தலைமுறையாப் பேசித் தீராத வழக்குப்பா இது. நீங்க ரெண்டு பேரும் ஒரு தேத்தண்ணிக்குள்ள தீர்க்கப் பாத்தீங்களா?"

போன வருசம் நவம்பர் நெருங்கும்போது அக்காவுக்குப் போனில் கோல் எடுத்தேன். கால் வலி, பஸ்ஸில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது என்றாள். நிஜமாகவே கால் வலியென்றால் அது ஒரு கவலை. பொய்யென்றால் அது இன்னொரு கவலை.

"நான் த்ரீவீல்ல வந்து கூட்டிட்டு வர்றேன் அக்கா. நீ ஒண்ணும் பத்த வைக்க வேணாம். சும்மா வந்து நில்லு."

"வந்தா மறுபடியும் செபம் சொல்லச் சொல்லிக் கேப்பியாடா?"

"கேக்க மாட்டேன்."

"கேப்பே. ஒன்ன எனக்குத் தெரியாதா?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. என் பிள்ளைகளை விசாரித்துவிட்டுத்தான் போனை வைத்தாள்.

அவள் சொன்னது சரிதான். மழைக்குள் அம்மாவின் கல்லறையில் திரி பற்றவைத்து நிற்கும்போதுகூட, அக்கா ஒரே ஒரு செபம் சொல்லிவிட்டால் போதுமே என்றுதான் எனக்கு ஓடுகிறது. அவள் பக்கத்தில் வந்து நின்றால் அதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியுமா?